இருபத்தைந்தில் திறந்த ஏடு

பழம்பெரும் நூல்களைப் படிப்பதற்கென்று ஒரு வயது உண்டு, பள்ளி, கல்லூரிப் பருவத்தில் அது வாய்க்காதவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வேலை, குடும்பம், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று வாழ்க்கை இறுகிவிட்ட பின் காப்பியமும் சங்கப் பாடலும் நமக்கு எதற்கு என்ற அலுப்பு இயல்பாகவே வந்துவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு மறுப்பாகத் தமிழ்நாட்டில் ஒரு முழு வாழ்க்கையே இருக்கிறது. அது உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை.

தமிழ்த் தாத்தா என்ற பெயரில் பாடப்புத்தகங்கள் அவரை நமக்கு அறிமுகப்படுத்தின. சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர், கரையான் தின்றது போக எஞ்சியதை அச்சில் ஏற்றியவர் என்று அவரை அனைவரும் அறிவோம். ஆனால், சீவக சிந்தாமணியை அவர் முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அவருக்கு 25 வயது ஆகிவிட்டிருந்தது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்போது அவர் மாணவர் அல்லர். கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர். திருமணமானவர், பெற்றோரைத் தாங்கும் பொறுப்புடையவர். தமிழில் கற்க வேண்டியவற்றையெல்லாம் கற்றுவிட்டவர் என்று ஊரார் மதித்த நிலையில் இருந்தவர். அந்த நிலையில்தான் அவருக்கு ஒரு புதிய வாசிப்பு தொடங்கியது.

இதைக் கொல்லிமலையிலிருந்து எழுதுகிறேன். பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு ஆண்டில் சில மாதங்களை இங்கே கழிக்கிறேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளையும் ஊர்கள். செம்மேட்டில் குதிரை மீது அமர்ந்த வல்வில் ஓரியின் சிலை. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அரசு சார்பில் அவனுக்கு விழா. மலைக்கு வரும் பயணிகள் ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு, ஓரியின் சிலை முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த ஓரியைத் தமிழ்நாடு மீண்டும் அறிந்துகொண்டது எப்படி என்று கேட்டால், பதில் நம்மைக் கும்பகோணத்துக்கும் 1880-ஆம் ஆண்டுக்கும் அழைத்துச் செல்லும்.

சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தார். குடும்பத்தின் ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணத்தைப் பாடிப் பொருள் சொல்லி அதில் கிடைக்கும் வருவாயில் வாழ்ந்தவர். நிலையான வருமானம் இல்லாததால் குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்தது. மகன் இசை கற்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் மனமோ தமிழில் படிந்தது. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று குடும்பம் தங்கிய இடங்களில் யார் தமிழ் அறிந்தவரோ அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றார். தமிழ் கற்பிப்பவர் இருக்கும் ஊராகப் பார்த்துத் தந்தை குடியேறினார் என்றே சொல்லலாம். வறுமையிலும் மகனின் கல்விக்காக அந்தத் தந்தை செலுத்திய முதலீடு அது.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயர் சாமிநாதன் என்று நிலைத்ததும் அந்த ஆசிரியரால்தான். 1876-இல் ஆசிரியர் மறையும் வரை அவருடனேயே இருந்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கற்றும் கற்பித்தும் வந்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வுபெறும்போது அந்த இடத்துக்கு இவரைப் பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் அப்பணியை ஏற்றார். தந்தை ஒருநாளும் கண்டிராத நிலையான வருமானம் அது. ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம்.

அந்த ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசாமி முதலியார். பெரிய பதவியில் இருப்பவர், தமிழில் ஆர்வம் உள்ளவர் என்று கேள்விப்பட்டு அவரைக் காணச் சென்றார் சாமிநாதையர். யாரிடம் பாடம் கேட்டீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று தாம் கற்ற நூல்களை அடுக்கினார் சாமிநாதையர். பட்டியல் நீண்டது, முதலியாரின் முகத்திலோ வியப்பு எழவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் முந்தைய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலையைக் கண்டதுண்டா என்று அவர் வினவினார்.

மகாவித்துவானின் மாணவரை, கல்லூரி ஆசிரியரை, நீதித்துறையில் பணிபுரியும் ஒருவர் இப்படிக் கேட்கிறார். சினம் கொண்டு எழுந்து வந்திருக்கலாம். தமிழைப் பற்றி முன்சீப்புக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கியிருக்கலாம். சாமிநாதையருக்கும் மனம் குன்றத்தான் செய்தது. ஆனாலும் மீண்டும் சென்றார். அடுத்தடுத்த சந்திப்புகளில் முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் படியை அவரிடம் கொடுத்து, இதை நாம் சேர்ந்து படிப்போம் என்றார்.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. தமிழின் பழம்பெரும் நூல் ஒன்றை அந்தப் பெரும் பதிப்பாசிரியரின் கையில் கொடுத்தவர் தமிழ்ப் புலவர் அல்லர். ஒரு பொது வாசகர். அலுவலகத்தில் வழக்குகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழைய ஏட்டைப் புரட்டிய மனிதர். சேலத்துக்காரர் என்பதால் எங்கள் மலைக்கும் அண்டை வீட்டார் என்று உரிமை கொண்டாடலாம்; 1997-இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும் வரை கொல்லிமலை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

சாமிநாதையர் ஏட்டைத் திறந்தார். நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. ஆனால், பல இடங்கள் விளங்கவில்லை. சிந்தாமணி சமணக் காப்பியம். திருத்தக்க தேவர் இயற்றியது. 13 இலம்பகங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அதில் வரும் சமயக் கருத்துகளையும் சொற்களையும் சைவ ஆதீனத்தில் பயின்ற அவர் கேட்டதே இல்லை. கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்வதை அறிந்து, அவர்களுடைய வீட்டைத் தேடிச் சென்றார். அவர் சென்ற நாளில் அந்த வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது, பல மாதங்களாக அவர்கள் கூடிப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவுற்றிருந்தது. ஒரு நூலைப் படித்து முடித்ததற்குத் தோரணம் கட்டிக் கொண்டாடும் வீடு!

தமிழ் உலகம் மறந்துவிட்டதாக நாம் சொல்லும் நூல், அதே ஊரின் இன்னொரு தெருவில் உயிரோடு இருந்தது. அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் வணிகர்களும் இல்லறத்தாரும். அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள், சைவ மடத்தில் வளர்ந்த ஆசிரியர் மாணவராக அமர்ந்து கேட்டார். சமண நூலுக்கு இவ்வளவு உழைப்பா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பொருளியலில் இறுதிநிலைப் பயன்பாடு குறைந்து செல்லும் விதி என்று ஒன்றைக் கற்பிப்போம். முதல் இட்லியில் கிடைக்கும் நிறைவு ஐந்தாவது இட்லியில் கிடைக்காது என்பது அதன் சாரம். 1890-இல் வெளிவந்த தம் நூலில் ஆல்பிரட் மார்ஷல் இந்த விதியை விளக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தார். நல்ல இசையைக் கேட்கக் கேட்க அதன்மீது சுவை பெருகவே செய்யும் என்பது அவர் கருத்து. கேட்பவர் மாறிவிடுகிறார் என்பதே அதற்குக் காரணம். பழைய நூல்களின் வாசிப்பும் இத்தகையதுதான். முதல் நூறு பாடல்களுக்கு வாசகர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. சொல் விளங்காது, பொருள் பிடிபடாது. அதன்பின் நூல் வாசகருக்குத் திருப்பித் தரத் தொடங்குகிறது. சாமிநாதையர் தம் வாழ்நாள் முழுதும் கண்டது இந்தப் பெருகும் பயனைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. நச்சினார்க்கினியர் தம் உரையில் பல மேற்கோள்களைத் தருகிறார். எந்த நூலிலிருந்து எடுத்தவை என்று பல இடங்களில் சொல்வதில்லை. அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி சாமிநாதையரைத் துளைத்தது. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைத் துருவியபோது எட்டுத்தொகை ஏடுகள் கிடைத்தன. அவற்றைப் படிக்கும்போது முன்பு உரையில் மட்டுமே கண்ட வரிகள் ஒவ்வொன்றாகத் தம் சொந்த வீட்டில் எதிர்ப்பட்டன. சிந்தாமணியைப் படிக்கப் போனவருக்குச் சங்க இலக்கியம் முழுதும் வழி திறந்தது இவ்வாறுதான்.

ஏன் இந்நூல்கள் மறைந்து கிடந்தன? இதற்கு ஒரு பொருளியல் விளக்கம் உண்டு. பனையோலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. வெப்பமும் ஈரமும் பூச்சியும் அதைத் தின்றுவிடும். எனவே, ஒரு நூல் வாழ வேண்டுமானால் தலைமுறைக்குத் தலைமுறை யாரேனும் அதைப் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க உழைப்பு வேண்டும்; உழைப்புக்குத் தேவை வேண்டும்; தேவைக்கு வாசகர் வேண்டும். பாடம் கேட்பவர்கள் அந்தாதியையும் கலம்பகத்தையும் தலபுராணத்தையும் மட்டுமே கேட்டபோது, அவை மட்டுமே படியெடுக்கப்பட்டன. வாசகர் இல்லாத ஏடு கேட்பாரற்றுக் கட்டுக்குள் கிடந்து பொடிந்தது. கொல்லிமலையின் சாமையையும் தினையையும் பற்றி வேளாண் ஆய்வாளர்கள் சொல்வதும் இதுதான். ஆண்டுதோறும் யாரேனும் விதைத்தால்தான் விதை உயிரோடிருக்கும்.

கொல்லிமலையையே சான்றாகக் கொள்ளலாம். அறப்பளீசுவர சதகம் என்ற நீதிநூல் இம்மலை இறைவனை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடியது. பிற்காலத்தைச் சேர்ந்த அந்தச் சதகம் மக்களிடம் பரவியிருந்தது. அதே மலையை ஆண்டவனைப் பற்றிய சங்கப் பாடல்களோ சுவடிக் கட்டுகளுக்குள் உறங்கின.

சுவடி தேடிய பயணங்களை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியரின் நூலகத்து ஏடுகள் இருந்ததாக அறிந்து அங்கே சென்றார். பழுதடைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடுவதாக ஆகமம் சொல்கிறதென்று, அவ்வாறே செய்துவிட்டதாக அங்கே அறிந்தார். பகையோ கெட்ட எண்ணமோ அதில் இல்லை; படிப்பவர் இல்லாத பொருளுக்கு மரியாதையாக விடை கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. வாசிப்பு நின்றுவிட்டால் பக்தியும் நெருப்பாக மாறும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

சிந்தாமணியை அச்சிடுமாறு ஊக்கியவரும் இராமசாமி முதலியார்தான். அச்சுக்கு முன்பணம் தேவை. வாங்குவதாகக் கையொப்பமிடுவோரை ஊர் ஊராகத் திரட்டி, வாசகர்களையே முதலீட்டாளர்களாக்கினார் சாமிநாதையர். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுப்படிகளைத் திருத்தினார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை, 1903-இல் ஐங்குறுநூறு, 1904-இல் பதிற்றுப்பத்து, 1918-இல் பரிபாடல் என்று தொடர்ந்தன. இதே காலத்தில் யாழ்ப்பாணத்தவரான சி.வை.தாமோதரம் பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்துக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதலியார் 1892-இல் காலமானார். தாம் கொடுத்த ஒரு படியிலிருந்து எழுந்த பெரு விளைச்சலில் சிறு பகுதியை மட்டுமே அவரால் காண முடிந்தது.

மணிமேகலையின் கதை தனிச் சுவை உடையது. அது பௌத்த நூல் என்பதே அவருக்குத் தொடக்கத்தில் தெளிவாகவில்லை. தமிழ்நாட்டில் பௌத்தம் சொல்லித் தரும் வீடு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. உடன் பணிபுரிந்த மளூர் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் வந்த பௌத்த நூல்களைப் படித்துப் பொருள் சொன்னார். அதைக் கேட்டுக் கேட்டு மணிமேகலையின் இருண்ட பகுதிகளுக்கு விளக்கேற்றினார். நாற்பதை நெருங்கும் வயதில் ஒருவர் இன்னொரு சமயத்தை அடியிலிருந்து கற்றுக்கொள்கிறார்; அதைத் தமிழர்களுக்குத் தனி நூலாகவும் எழுதித் தருகிறார்.

இனி ஓரியிடம் வருவோம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, வள்ளல்கள் எழுவரில் ஒருவனாக ஓரியைச் சொல்கிறது. புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடுகிறார். காட்டு வழியில் பசியோடு சென்ற பாணர் கூட்டம், ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை அடுத்தடுத்துத் துளைத்த வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் யாரென்று அறியாமல் ஓரியின் புகழைப் பாடுகிறது. தன் பெயரைக் கேட்டு அவன் நாணுகிறான். இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டு வழியிலேயே கொடுத்து அனுப்புகிறான். அறுபது வயதுக்குப் பின்னர் உரையுடன் இதைப் படித்தபோது என்னை நிறுத்தியது அந்த அம்பு அன்று, அந்த நாணம். கொடுத்தவன் தன்னை அறிவித்துக்கொள்ளவில்லை. நலத்திட்டங்களின் பொருளியலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவனுக்கு அந்த நாணம் யோசிக்க நிறையக் கொடுத்தது. இருபது வயதில் இதே பாடலைப் படித்திருந்தால் அம்பைத்தான் கண்டிருப்பேன்.

ஓரியின் முடிவையும் இலக்கியமே சொல்கிறது. மலையமான் காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூறு குறிக்கிறது. கொல்லியை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. நற்றிணையும் குறுந்தொகையும் கொல்லிப் பாவையின் அழகைத் தலைவியின் அழகுக்கு உவமையாக்குகின்றன. இவை அச்சேறாதிருந்தால் செம்மேட்டுச் சிலைக்குச் சொல்லக் கதையேது?

1903-இல் சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்றபோது பாரதியார் அவரைப் பாடினார். 1919-இல் ஓய்வு. ஓய்வு என்பது சொல்லளவில்தான். 1924-இல் பெருங்கதை வந்தது. அதே ஆண்டில் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வரானார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 1937-இல், தமது 82-ஆம் வயதில், குறுந்தொகையைத் தாமே எழுதிய உரையுடன் வெளியிட்டார். முதலியாரின் வீட்டில் ஒரு கேள்வியால் மனம் குன்றி நின்ற நாளிலிருந்து எண்ணினால் 57 ஆண்டுகள். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதினார். போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது 1942 ஏப்ரல் 28 அன்று காலமானார். வரலாறு முற்றுப்பெறவில்லை.

இன்று நிலை தலைகீழாகிவிட்டது. அன்று வாசகர் ஒருவருக்கு ஏடு கிடைப்பது அரிது. இன்று ஏடு கணினியில் காத்திருக்கிறது, வாசகர் அரிதாகிவிட்டார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் மதுரைத் திட்டத்திலும் சங்க நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். கைப்பேசியில் அவை வந்துவிட்டதால் நூல்கள் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று நிம்மதி கொள்வது ஆபத்தானது. மின்னணுக் கோப்பும் ஒருவகை ஓலைதான். அதைக் கேட்டுத் திறப்பவர் இல்லாவிட்டால் அதுவும் கட்டுக்குள்தான் கிடக்கும்.

தேர்வுக்காகப் படித்த செய்யுள் தேர்வோடு போய்விட்டது என்று வருந்துவோர் வருந்த வேண்டாம். வளர்ந்தவர் வாசிப்புக்கு மதிப்பெண் இல்லை, பாடத்திட்டம் இல்லை, அவசரமும் இல்லை. வாழ்க்கை கற்றுத்தந்த அனுபவம் உரையாசிரியரோடு சேர்ந்து பொருள் சொல்லும். உரையுள்ள ஒரு நூல், உடன் படிக்க ஒரு துணை, வாரத்துக்கு ஒரு மாலை, இவை போதும். சாமிநாதையரும் முதலியாரும் தொடங்கியதும் இவ்வளவில்தான்.

நம் கிளை நூலகங்களில் இத்தகைய கூட்டு வாசிப்புக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதற்குப் பெரிய செலவு ஆகாது. ஓரி விழாவில் கலை நிகழ்ச்சிகளோடு, ஓரியைப் பற்றிய சங்கப் பாடல்களை மலைவாழ் மக்களும் பயணிகளும் கூடியமர்ந்து படித்துப் பொருள் பேசும் ஒரு மாலையையும் மாவட்ட நிர்வாகம் சேர்க்கலாம். பிள்ளைகளின் தமிழ்ப் புத்தகத்தில் சங்கப் பாடல் வரும்போது பெற்றோரும் அருகில் அமர்ந்து படிக்கலாம். யாருக்கு யார் ஆசிரியர் என்பது பிறகு தெரியவரும்.

கும்பகோணத்துச் சமணர்கள் ஒரு நூலைப் படித்து முடித்த நாளில் வாயிலில் தோரணம் கட்டினார்கள். புதுமனை புகுவதற்கும் திருமணத்துக்கும் தோரணம் கட்டும் நம் வீடுகளில், ஒரு புறநானூறு முடிந்ததற்கும் கட்டிப் பார்க்கலாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)